ஒரு ரூபாய்க்கு வாங்கிய கத்தி

சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கும் மச்சான் போன வருடம் ஊருக்கு வந்தபோது எனக்கென்று ஒரு சிவப்புப் பேனாக்கத்தி வாங்கி வந்தார். அவர் அதை நீட்டியதும் அம்மா பதறிவிட்டார். "கைக்குக் கை கொடுக்காதீங்க மாப்பிள்ளை, சண்டை வரும். கீழே வைங்க, அவன் எடுத்துக்கட்டும்." மச்சான் சிரித்துக்கொண்டே டீப்பாயில் வைத்துவிட்டு, "சரி, இப்ப ஒரு ரூபாய் எடு" என்றார். கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறுந்துபோகும் என்ற பயம் ஐரோப்பாவிலும் உண்டு. வாங்குகிறவர் ஒரு சில்லறைக் காசு கொடுத்துவிட்டால் அது பரிசு இல்லை, வியாபாரம். இரண்டு தேசத்துச் சாத்திரத்துக்கும் கணக்குத் தீர்த்த பிறகுதான் கத்தியைத் திறக்க முடிந்தது.

பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? இறகால் எழுதிய காலத்தில் முனை தேயத் தேயச் சீவிக்கொள்ளச் சட்டைப் பையில் கிடந்த சின்னக் கத்தி அது. இறகு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

என் கையில் இருந்தது விக்டோரினாக்ஸ். 1884இல் ஈபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கிய கார்ல் எல்ஸனர், 1891 முதல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். அதற்கு முன் அந்தச் சிப்பாய்களின் கத்தி ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்துகொண்டிருந்தது. வெட்ட ஓர் அலகு, துளைக்க ஓர் ஊசி, டப்பா திறப்பான், துப்பாக்கியைக் கழற்ற ஸ்குரூடிரைவர், அவ்வளவுதான். 1897இல் எல்ஸனர் ஒரு வேலை செய்தார். கத்தியின் முதுகிலுள்ள ஸ்பிரிங்கின் இரண்டு பக்கத்தையும் பயன்படுத்தி, இரண்டே ஸ்பிரிங்கில் ஆறு கருவிகளை உட்கார வைத்தார். இன்றைய சிவப்புக் கத்திகள் எல்லாம் அதன் வாரிசுகள். 1909இல் தாய் விக்டோரியா இறந்தபின் அவர் பெயரை நிறுவனத்துக்கு வைத்தார். துருப்பிடிக்காத எஃகு வந்தபின், 1921இல், அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' ஒட்டிக்கொண்டது.

ஆனால் என்னை அசத்தியது வேறொன்று. இந்தக் கத்தியில் எல்லாப் பாகமும் ஒரே கடினம் இல்லை. ராக்வெல் என்ற அளவுகோலில் வெட்டும் அலகு 56. கத்தரிக்கோலும் ரம்பமும் 53. ஸ்குரூடிரைவர் 52. ஸ்பிரிங் வெறும் 49. மலிவாகச் செய்ததாக நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். அலகுக்குக் கருக்கு நிற்க வேண்டும், அதனால் கடினம். ஸ்குரூடிரைவரை முறுக்குவோம், அது கொஞ்சம் விட்டுக்கொடுக்காவிட்டால் நுனி தெறித்துவிடும். ஸ்பிரிங்கோ ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர வேண்டும்.

இதன் சூட்சுமம் நம் கொல்லுப்பட்டறைக்குப் புதிதல்ல. அங்கே துவைச்சல் என்பார்கள். இந்த எஃகில் கார்பன் சுமார் 0.52 சதவீதம், குரோமியம் 15 சதவீதம். 1040 டிகிரி செல்சியஸில் சூடாக்கும்போது இரும்பின் அணு அடுக்கு மாறி, கார்பன் அதற்குள் கரைகிறது. சட்டென்று குளிரவைத்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. உள்ளேயே மாட்டிக்கொண்டு அடுக்கை இறுக்கிப் பிடிக்கிறது. அதுதான் கடினம். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். எனவே மறுபடி 160 டிகிரியில் இளஞ்சூடு காட்டி இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறார்கள்.

கருக்கு எப்படி வெட்டுகிறது? தக்காளி மேல் கத்தியை வைத்து நேரே அழுத்திப் பாருங்கள், நசுங்கும். லேசாக இழுங்கள், தோல் பிளந்துவிடும். சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனும் சகாக்களும் 2012இல் இதையே ஆராய்ந்தார்கள். மெல்லிய கம்பியால் அகார் கூழை அறுத்துப் பார்த்தார்கள். பக்கவாட்டில் இழுத்து அறுக்கும்போது, மிகக் குறைந்த அழுத்தத்திலேயே விரிசல் தொடங்கிவிடுகிறது. விரல் அறுபடுவதும் இப்படித்தான். தொட்டால் ஒன்றும் ஆகாது, வழுக்கினால் ரத்தம்.

மழுங்கிய கத்தி ஆபத்தில்லை என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவறு. மழுங்கலுக்குக் கூடுதல் பலம் கொடுப்போம், கொடுத்த பலத்தில்தான் கை சறுக்கும். இன்னொன்று: பெரும்பாலான பேனாக்கத்திகளில் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவது ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே, பூட்டு கிடையாது. குத்தித் துளைக்கப் போனால் அலகு விரல் மேலேயே மடங்கும். எனக்கு ஒரு தழும்பு இருக்கிறது.

துருப்பிடிக்காத எஃகும் துருப்பிடிக்கும். குரோமியம் மேற்பரப்பில் போடும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம்தான் காவல். உப்பு அதை அரிக்கும். கடலோர ஊர்க்காரர்கள், வியர்வைச் சட்டையில் வைத்துக்கொள்பவர்கள், அவ்வப்போது வெந்நீரில் கழுவி ஈரம் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பரிசு கொடுப்பவர்கள் கூடவே ஒரு சின்னச் சாணைக்கல்லும் கொடுத்துவிடுங்கள். விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தால் கைப்பையில் வேண்டாம், சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். பெட்டிக்குள் போட்டு ஏற்றிவிடுங்கள்.