சம்பளச் சீட்டும் ஒரு பாடம்தான்

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். உடன் வேலை செய்தவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பலர் பள்ளியை விட்டு அதிக காலம் ஆகாதவர்கள். சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19-வது பிரிவு தருகிறது என்பது சமூக அறிவியலில் ஒரு மதிப்பெண் கேள்வி. ஆனால் புகார் மனுவை யார் பெயருக்கு எழுதுவது, நகலில் முத்திரை வாங்குவது எப்படி என்பதெல்லாம் பாடத்தில் இல்லை. அதே சங்க உரிமைக்காக 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்.

வகுப்பில் இதையெல்லாம் பேசினால் அரசியல் புகுந்துவிடும், முதலீடு ஓரகடம் தொழிற்பேட்டையைத் தாண்டிப் போய்விடும் என்பார்கள். முதல் பயம் வெறும் பயமல்ல; ஆசிரியருக்கும் கட்சிச் சாய்வு உண்டு. ஆனால் சம்பளச் சீட்டுக்கு ஏது கட்சி? அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும். இது சதவீதக் கணக்கு, கூடவே சட்டமும். இரண்டாவது பயம் தலைகீழ். எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று தெரியாதபோதுதான் கோபம் நேராக நெடுஞ்சாலைக்கு வருகிறது. பதினெட்டு வயதில் வாக்காளர் அட்டையும் கம்பெனி அடையாள அட்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே கைக்கு வரும் தொழிற்சாலைப் பகுதி இது. கணக்குப் பாடப்புத்தகத்தில் கடைக்காரரின் லாப நஷ்டக் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு சம்பளச் சீட்டையும் அச்சடிக்கலாம்.