மரக்கப்பலில் ஒரு மாலைச் சவாரி



கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நம்ம ஊரிலிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ் ஏற வேண்டும். 'மலையடிவாரத்துல உக்காந்துக்கிட்டு கப்பலைப் பத்தி எதுக்குப்பா எழுதற?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அப்ளைடு மெக்கானிக்ஸில் நாம் மனப்பாடம் செய்த கப்பியும், விசைப் பகுப்பும் ஒரே இடத்தில் வேலை செய்வதைக் காண, பழைய பாய்க்கப்பலைப் போல வேறில்லை.

ஸ்கூனர் என்றால் என்ன?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாய்மரங்களில், கப்பலின் நீளவாக்கில் பாய் கட்டிய கப்பல் ஸ்கூனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குளோஸ்டர் என்ற மீன்பிடித் துறைமுகம் இதற்குப் பெயர் பெற்றது. 1926ல் கட்டப்பட்ட 'அட்வென்சர்' என்ற 121 அடி ஸ்கூனர் 1953 வரை மீன் பிடித்தது. பிறகு சுற்றுலாக் கப்பலானது. 1988ல் குளோஸ்டர் மக்களிடமே வந்து சேர்ந்தது. பழுது பார்த்து, பயணிகளை ஏற்றிக் கடலுக்குள் ஒரு சுற்று போய் வருகிறார்கள்.

கப்பலில் ஏறியதும் பாய் ஏற்றுவதுதான் முதல் வேலை. பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் கம்புக்கு இரு முனையிலும் தனித்தனிக் கயிறு. இரண்டையும் ஒரே சீராக இழுத்தால்தான் கம்பு கோணாமல் ஏறும். பயணிகளும் கை கொடுக்கலாம். நம்ம ஊர் பெரிய தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை! தனி ஆள் தூக்க முடியாத பாரத்தை, கப்பிகள் நாலைந்து பேர் கைக்கு அடக்கமாக்கி விடுகின்றன.

எதிர்க்காற்றில் எப்படிப் போகும்?

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்க்கப்பலும் போகாது. சுமார் 45 பாகைக்கு மேல் விலகிச் சாய்வாகப் போகும். பாயில் விழும் விசையை இரண்டாகப் பிரியுங்கள். பக்கவாட்டில் தள்ளுவதை நீருக்குள் இருக்கும் ஆழமான அடிப்பகுதி தடுத்துவிடும். மிச்சமிருப்பது முன்னோக்கி இழுக்கும். இப்படி இடமும் வலமுமாக மாறி மாறிப் போய் ஊர் சேர்வார்கள்.

மாலை நேரம் ஏன்? பகலில் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். தரைமேல் காற்று எழும்ப, கடற்காற்று உள்ளே வரும். பொழுது சாயும்போது அது தணியத் தொடங்கும். வெயிலும் குறைவு, காற்றும் இதம்.

நம்ம ஆள் கட்டிய கப்பல்

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையின் வல்வெட்டித்துறையில் தமிழர்கள் வேப்பமரத்தில் கட்டிய 89 அடி பாய்க்கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. முன்மரத்தில் குறுக்குப் பாய், பின்மரத்தில் நெடுக்குப் பாய். ஸ்கூனருக்கு ஒருவகையில் உறவுக்காரி! ராபின்சன் என்ற அமெரிக்கர் இதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் சூயஸ் கால்வாய், பெர்முடா வழியாக ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்ட் 1 அன்று இதே குளோஸ்டரில் சேர்த்தார்கள்.

சரி, இதுல நமக்கு என்ன?

1936-37ல் அமெரிக்க அரசு ஒரு காரியம் செய்தது. வேலையில்லாமல் இருந்த வரைவாளர்களையும் படகு கட்டுவோரையும் சம்பளத்துக்கு அமர்த்தி, அழிந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான மரக்கப்பல்களை அளந்து வரைபடமாக்கியது. கப்பல் மக்கினாலும் கணக்கு மக்கவில்லை.

நம்மிடம்? தூத்துக்குடித் தோணிகள் ஒரு காலத்தில் பாய் விரித்தே கொழும்புக்குப் போயின. பின்னாளில் எஞ்சின் வந்தது. இன்றும் மரத்தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்கின்றன. அவற்றைக் கட்டும் மேஸ்திரிகளின் கணக்கு கண்ணிலும் கையிலும் இருக்கிறதே தவிர, காகிதத்தில் இல்லை. பலகைக்கு எவ்வளவு வளைவு, இடுக்கில் பஞ்சை எப்படித் திணித்துக் கலப்பற்ற வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெரியவரோடு போய்விடும்.

டேப் பிடிக்கவும், ஸ்கேல் போட்டு வரையவும் நமக்குத் தெரியும். மூன்று வருடம் டிராயிங் ஹாலில் அதைத்தானே செய்கிறோம்? அடுத்த ஆண்டு தொழிற்சுற்றுலாவை நம் பேரவை தூத்துக்குடிக்கு வைக்கட்டும். ஒரே ஒரு தோணியை முழுசாக அளந்து, பிளான், எலிவேஷன், செக்ஷன் மூன்றும் வரைந்து கல்லூரி நூலகத்தில் வைப்போம். செலவு என்ன பெருசு, டிராயிங் ஷீட்டும் பென்சிலும்தான்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு