பாக் மில்கா பாக்: எந்த வயதில் பார்க்கலாம்?

வரலாற்றை ஒட்டி எடுக்கப்படும் விளையாட்டுப் படங்கள் குழந்தைகளுக்கு ஏற்றவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உழைத்தால் உயரலாம் என்று அவை சொல்வதே காரணம். ஆனால் வீரரின் வாழ்க்கை கடந்துவந்த காலம் கொடியதாக இருந்தால், அந்தக் கொடுமையும் திரையில் வரும். ஓட்ட வீரர் மில்கா சிங்கின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பாக் மில்கா பாக்’ இதற்குத் தக்க சான்று. ராகேஷ் ஓம்பிரகாஷ் மெஹ்ரா இயக்கி, ஃபர்ஹான் அக்தர் நடித்த இந்த இந்திப் படம் 2013இல் வெளியானது.

பெற்றோர் முதலில் பார்ப்பது தணிக்கைச் சான்றிதழைத்தான். ‘யு’ அனைவருக்கும் உரியது. ‘ஏ’ வயதுவந்தோருக்கு மட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட ‘யு/ஏ’, முன்பு 12 வயதுக்கு உட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கவேண்டியது என்ற ஒரே பிரிவாக இருந்தது. 2024ஆம் ஆண்டு விதிகள் அதை 7, 13, 16 என்ற வயது அளவுகளில் மூன்றாகப் பிரித்துள்ளன. எனினும் சான்றிதழ் வயதைத்தான் சொல்லும். எந்தக் காட்சி எந்தக் குழந்தையைப் பாதிக்கும் என்று சொல்லாது.

இந்தப் படத்தில் முதலில் கவனிக்கவேண்டியது வன்முறை. மில்கா சிங் பிறந்த கோவிந்த்புரா இன்று பாகிஸ்தானில் உள்ளது. 1947 பிரிவினைக் கலவரத்தில் அவருடைய பெற்றோர் கொல்லப்பட்டனர். வாளேந்திய குதிரை வீரர்கள் சிறுவனைத் துரத்துவதும், ‘ஓடு மில்கா, ஓடு’ என்று தந்தை கதறுவதும், உறவினரின் உடல்களைச் சிறுவன் காண்பதும் படத்தில் வருகின்றன. அந்த நினைவுகள் கதை நெடுகத் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதிக்கப்படுவது தன் வயதுச் சிறுவன் என்பதால், பார்க்கும் குழந்தை அவனிடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும். பெற்றோரை இழக்கும் அச்சம் இளம் வயதில் மிக வலியது.

அடுத்தது, பெரியவர்களுக்கு உரிய செய்திகள். அகதி முகாமில் அக்காள் படும் துன்பம், ரயிலில் கரி திருடும் சிறுவர் கூட்டம், மெல்போர்ன் ஒலிம்பிக்கின்போது ஆஸ்திரேலியப் பெண்ணுடன் நெருக்கம் ஆகியவை சிறு குழந்தைகளுக்கு விளங்காதவை. மேலும் படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. காலத்தில் முன்னும் பின்னும் தாவிச் செல்கிறது. பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு இதைத் தொடர்வதே கடினம்.

மூன்றாவது, உண்மையும் கற்பனையும். 1958 கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் 440 கஜ ஓட்டத்திலும், அதே ஆண்டு டோக்கியோ ஆசியப் போட்டியில் 200, 400 மீட்டர் ஓட்டங்களிலும் மில்கா தங்கம் வென்றது வரலாறு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 45.6 விநாடியில் ஓடி நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் நொடியில் பத்தில் ஒரு பங்கில் தவறியது. பாதிக்கு மேல் ஓடியபின் வேகத்தைக் குறைத்ததே தவறு என்று அவரே பின்னாளில் சொன்னார். படமோ பிரிவினையின் நினைவு அவரைத் திரும்பிப் பார்க்க வைத்ததாகக் காட்டுகிறது. உலக சாதனை 45.9 விநாடி என்றும் அதை அவர் முறியடித்தார் என்றும் படம் சொல்கிறது. ஆனால் 1956லேயே அமெரிக்காவின் லூ ஜோன்ஸ் 45.2 விநாடியில் ஓடியிருந்தார். திரையில் கண்டதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளும் வயதில் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல ஒருவர் அருகில் வேண்டும்.

வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பிரிவினையின்போது பஞ்சாபில் சீக்கியர், இந்து, முஸ்லிம் என எல்லாத் தரப்பினரும் கொல்லப்பட்டனர். இது தெரியாத குழந்தை, படத்தில் தாக்க வருவோரை வைத்து ஒரு சமூகத்தையே வெறுக்கக்கூடும். பாகிஸ்தான் சென்ற மில்கா சிறுவயது நண்பனைக் கட்டியணைக்கும் காட்சி அந்த வெறுப்புக்குப் படமே தரும் மருந்து. ‘பறக்கும் சீக்கியர்’ என்ற பட்டத்தைப் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானே சூட்டினார் என்பதையும் குழந்தை அறியவேண்டும்.

நல்லவையும் நிறைய உண்டு. ராணுவத்தில் ஒரு குவளை பாலுக்காக ஓடத் தொடங்கியவர், பனியன் பிழிந்த வியர்வையால் குவளையை நிரப்பும் அளவு உழைக்கிறார். பிரகாஷ் ராஜ் ஏற்ற வீரபாண்டியன் என்ற ராணுவப் பயிற்சியாளரும், தம்பிக்காக நகையை விற்கும் அக்காளும் மனத்தில் நிற்கின்றனர். தோல்விக்குப் பின்னும் எழுந்து நிற்கும் ஒருவரைக் குழந்தைகள் காண்பது நல்லது.

ஆகவே பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு இப்படம் வேண்டாம். பத்து முதல் பன்னிரண்டு வயதினருக்கு, பெற்றோர் முன்னதாகப் பார்த்து, கலவரக் காட்சிகளைத் தவிர்த்துக் காட்டலாம். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோர் பெரியவர்களுடன் சேர்ந்து முழுமையாகப் பார்க்கலாம். படம் முடிந்தபின் அரை மணி நேரம் குழந்தையுடன் பேசுங்கள். எது நடந்தது, எது கற்பனை, எது வலித்தது என்று கேளுங்கள்.