உங்களுக்குத் தெரியுமா? வெயிலில் தானே அணையும் கணினி

அடிக்கடி தானாக அணைந்துபோகும் வீட்டுக் கணினி பல நேரங்களில் பழுதாகியிருப்பதில்லை. தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. பிராசசரின் வெப்பம் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை எட்டினால் அது முதலில் வேகத்தைக் குறைக்கும். சூடு இன்னும் ஏறினால் கணினியே நின்றுவிடும்.

• அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி பிராசசரும் கூடும். பஞ்சபூதத் தலங்களில் அக்கினிக்குரிய திருவண்ணாமலையில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடுவதுண்டு. மார்கழியில் 25 டிகிரி அறையில் 85 டிகிரியோடு ஓடிய பிராசசர், சித்திரை மதியத்தில் 100-ஐ எட்டுவது இப்படித்தான்.

• முதல் குற்றவாளி தூசி. விசிறிக்கு அடியிலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கில் அது கம்பளிபோலப் படிந்து காற்றை மறிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். பல ஆண்டு ஓடிய கணினியில் பிராசசர் மேல் தடவிய, சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். அதை மாற்றுவது நல்லது.

• சூடே இல்லாத குளிர்ந்த விடியற்காலையிலும் பிழைச் செய்தியோடு நீலத்திரை வந்தால் ரேம் எனும் நினைவகத்தைச் சந்தேகிக்கலாம். அதைச் சோதிக்கும் 'மெமரி டயக்னாஸ்டிக்' வசதி விண்டோஸிலேயே இருக்கிறது, செலவே இல்லை.

• விண்டோஸின் 'ஈவென்ட் வியூவர்' பதிவில் 'கெர்னல் பவர் 41' என்று இருந்தால், கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்று மட்டுமே பொருள். காரணத்தை அது சொல்வதில்லை. அந்த ஒரு வரியை நம்பிப் புதிய பவர் சப்ளை வாங்கிவிட வேண்டாம்.