இரண்டு சீட்டு, ஒரு நோயாளி: மருந்துகள் மோதினால் எச்சரிப்பது யார்?

புது தில்லி: வலிப்பு நோய்க்கு ஒரு மருத்துவரும் உயர் ரத்த அழுத்தத்துக்கு வேறொரு மருத்துவரும் எழுதித் தரும் மாத்திரைகள், ஒன்றின் பலனை மற்றொன்று கெடுத்துவிடக் கூடும். இதை நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் கடமையை மருந்தாளுநருக்கு அளிக்கும் விதிமுறைகள் 2015-ஆம் ஆண்டே வெளியிடப்பட்டுவிட்டன. அவை மருந்துக் கடை வரை சென்று சேர்வதே இப்போதைய தேவை.

பெங்களூரை அடுத்த சந்தாபுரா இதற்கு நல்ல உதாரணம். எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒசூருக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் இது. இதே ஒசூர் சாலையில், நகருக்குள் இருக்கிறது நிமான்ஸ். 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட இம்மருத்துவமனைக்கு, தமிழகத்திலிருந்தும் வலிப்பு நோயாளிகள் வருகின்றனர். வலிப்புக்குப் பெரிய மருத்துவமனை, ரத்த அழுத்தத்துக்கு உள்ளூர் மருத்துவர் என்று செல்பவரின் கையில் இரண்டு சீட்டுகள் சேர்கின்றன.

மோதல் எப்படி? பினைட்டாயின், கார்பமாசெபைன், பீனோபார்பிட்டோன் ஆகிய வலிப்பு மருந்துகள், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் செயல்பாட்டைக் கூட்டுகின்றன. இதனால் அம்லோடிபின், நிஃபெடிபின் போன்றவற்றின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடுகிறது. மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டாலும் அழுத்தம் இறங்காது. ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்ற பழியோ நோயாளி மீது விழும்.

மறுபுறம், வெராபமில், டில்டியாசெம் ஆகிய மருந்துகள் கார்பமாசெபைனின் அளவை ரத்தத்தில் உயர்த்துகின்றன. தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம் ஆகியவை அதன் அறிகுறிகள். ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர்ப்போக்கி மாத்திரைகளுடன் கார்பமாசெபைன் சேரும்போது உடலில் சோடியம் குறையக் கூடும். அது மிகவும் குறைந்தால் வலிப்பே ஏற்படலாம்.

மாற்று வழி உண்டு: லெவெடிராசெட்டம் இந்த நொதிகளைப் பெரிதாகத் தூண்டுவதில்லை. லிசினோபிரில் கல்லீரலில் சிதையாமல் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. எது யாருக்கு உகந்தது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அதற்கு இரண்டு சீட்டுகளும் அவர் கண்ணில் பட வேண்டும்.

இவை அரிய மருந்துகளும் அல்ல. 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் பினைட்டாயின், கார்பமாசெபைன், அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகிய அனைத்தும் இடம்பெற்றுள்ளன.

பொறுப்பு யாருக்கு? இந்திய மருந்தியல் கவுன்சில் வெளியிட்ட 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள், மருந்துகள் ஒன்றோடொன்று வினைபுரியும் வாய்ப்பை நோயாளியிடம் விளக்குவதையும் மருந்தாளுநரின் ஆலோசனைக் கடமையில் சேர்த்துள்ளன. அரசியல் சாசனப்படி, மருந்துகள் பொதுப் பட்டியலிலும் மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலிலும் உள்ளன. மருந்துக் கடைகளுக்கு உரிமம் தருவது மாநில அரசுகள். விதியை வகுக்கும் இடம் ஒன்று, கடையைக் கண்காணிக்கும் இடம் வேறொன்று. இரண்டுக்கும் இடையில் நிற்பவர் நோயாளி.

பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய, 2010-இல் தொடங்கப்பட்ட மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காஜியாபாதில் உள்ள இந்திய மருந்து நூல் ஆணையத்திலிருந்து இயங்குகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளும் தெரிவிக்கலாம். ஆனால், இது பாதிப்பு நேர்ந்த பிறகு செய்யும் பதிவு. பாதிப்பைத் தடுக்கும் இடம் மருத்துவரின் மேஜையும் மருந்துக் கடையும்தான்.

எந்த மாத்திரையையும் நோயாளி தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எந்த மருத்துவரிடம் சென்றாலும் எல்லாச் சீட்டுகளையும் காட்டுவதே பாதுகாப்பு. அவற்றைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதை மருத்துவமனைகளிலும் கடைகளிலும் வழக்கமாக்குவது மத்திய, மாநில அரசுகளின் பொறுப்பு.