பச்சைப் புள்ளியா, பழுப்புப் புள்ளியா?

இந்தியாவில் விற்கும் உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டம். அசைவத்துக்கு நெடுங்காலம் இருந்தது பழுப்பு வட்டம். அளவும் வடிவமும் ஒன்றே. சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே புள்ளி. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் வெளியிட்ட லேபிள் விதிகளில் அசைவக் குறி பழுப்பு முக்கோணமாயிற்று. நிறம் அதேதான்; வடிவம் மட்டும் மாறியது. அவ்வளவு எளிய திருத்தத்துக்கு இத்தனை வருடம்!

கண்ணுக்குள் நடப்பது

நிறத்தை உணர்வதற்கு நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உள்ளன. அவற்றில் ஒரு வகை இல்லாமல் போனாலோ, சரியாக வேலை செய்யாவிட்டாலோ நிறங்கள் குழம்பும். ‘கலர் பிளைண்ட்’ என்றதும் எல்லாமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பார்ப்பவர்கள் மிக அரிது. பெரும்பாலானவர்களுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு, ஆரஞ்சு இவற்றில்தான் தடுமாற்றம். பார்வைக் கூர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதால், குறை இருப்பதே தெரியாமல் பலர் வளர்ந்துவிடுகிறார்கள். மரத்துக்குப் பழுப்பு இலை தீட்டிய பிள்ளையைக் கவனமில்லை என்று திட்டுவதற்கு முன் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம்.

வேதியியல் அறிஞர் ஜான் டால்டனுக்கு இக்குறை இருந்தது. 1794-இல் மான்செஸ்டரில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதே காரணம் என்று நம்பி, இறந்த பிறகு கண்ணை ஆராயும்படி சொல்லிவைத்தார். 1844-இல் திறந்து பார்த்தபோது திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த கண்ணை 1995-இல் டி.என்.ஏ. சோதனை செய்தார்கள், பச்சையை உணரும் கூம்பு செல்லுக்கான மரபணு அவருக்கு இல்லை.

அம்மா வழியில் வருவது

சிவப்பு, பச்சை உணர்வுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அது அம்மாவிடமிருந்து வருவது. அதில் பழுது என்றால் ஈடுகட்ட மற்றொன்று கிடையாது. தாத்தாவின் குறை மகளிடம் வெளியே தெரியாமல் இருந்து, பேரனிடம் தலைகாட்டுவது இப்படித்தான். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கும், பெண்களில் 200-இல் ஒருவருக்கும் இது உண்டு.

பிறவிக் குறைக்கு இன்றுவரை நிரந்தரச் சிகிச்சை இல்லை. சிறப்புக் கண்ணாடிகள் சிலருக்குச் சில நிறங்களைத் தூக்கலாகக் காட்டும், குணமாக்காது. நடுவயதில் திடீரென நிறம் மங்குவது வேறு விஷயம். காசநோய்க்குத் தரும் எத்தாம்புட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். அதைச் சாப்பிடுபவர்கள் சிவப்பும் பச்சையும் மங்குவதாகத் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வேலைக்கு வரும்போது

ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளே இன்றும் பரிசோதனையில் பயன்படுகின்றன. சிக்னல் பார்த்து ரயில் ஓட்டுபவரிடம் கண்டிப்பு காட்டுவது நியாயம். அந்த அட்டையை வைத்தே எல்லாக் கதவுகளையும் மூடுவது நியாயமில்லை. லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்று மத்திய அரசு 2020-இல் விதியைத் திருத்தியது. தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்ட ஒருவரை வேலையில் சேர்க்க 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

வடிவமைப்பவர்களுக்கு

நிறம் மட்டுமே செய்தி சொல்லக்கூடாது. இணையதளங்களுக்கான சர்வதேச அணுகல் விதிகளும் இதையே கேட்கின்றன. படிவத்தில் தவறாக நிரப்பிய கட்டத்தைச் சிவப்பாக்கினால் போதாது, ‘எண் தவறு’ என்று எழுத வேண்டும். வரைபடத்தில் கோடுகளின் மேலேயே பெயரைப் போடலாம். சார்ஜர் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவதற்குப் பதில், ஏறும்போது விட்டுவிட்டு எரியட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். பச்சைப் பலகையில் சிவப்புச் சாக்பீஸைத் தவிர்ப்பது ஆசிரியர்களுக்குச் செலவில்லாத உதவி.

இந்தக் குறை உள்ள முன்னாள் ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் மேத்யூ வேட், பகலிரவு டெஸ்டின் இளஞ்சிவப்புப் பந்தைப் பார்ப்பது தமக்குச் சிரமம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவ்வளவு தேர்ந்த கண்ணுக்கே அந்த நிலை.

அடுத்த முறை சுவரொட்டியோ, செயலியோ, அலுவலக விளக்கப்படமோ தயாரித்தால், கறுப்பு வெள்ளையில் ஒரு முறை அச்சிட்டுப் பாருங்கள். அதில் புரியாத இடத்தைத் திருத்திவிட்டு வெளியிடுங்கள்.