குடத்தில் விழாத ஓலை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவிலுக்கு வருஷந்தோறும் பிள்ளைகளை அழைத்துச் செல்வது நம் வழக்கம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்ட சாசனங்கள் அங்கே சுவரில் இருக்கின்றன. அவற்றிலுள்ள குடவோலை முறையைப் பாட புஸ்தகம் மிகவும் போற்றுகிறது.

இவ்வருஷம், பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பையன் கேட்டான்: "எங்கள் அப்பா பெயரை அந்தக் குடத்தில் போட்டிருப்பார்களா, ஸார்?" அவன் தகப்பனார் நிலமில்லாத கூலியாள்.

போட்டிருக்க மாட்டார்கள். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டுமென்று சாசனம் விதிக்கிறது. இதை மறைக்காமல் சொன்னோம். பையன் முகம் வாடிற்று. மற்றொரு விதியையும் காட்டினோம்: வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவன் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் விழலாகாது! ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் தனித்தனி வாரியங்கள் இருந்த ஊர் அது. பொருளாதார சாஸ்திரத்தின் முதற் பாடம் இதுவே அல்லவா?

புஸ்தகங்களோ ஆட்சியுடன் மாறுகின்றன. பிரிட்டிஷ் ஆட்சியின் நன்மைகளை விரித்து, லீ-வார்னர் என்ற அதிகாரி 1897-ல் பள்ளிகளுக்கென ஒரு நூல் எழுதினார். இந்தியச் செல்வம் கடல் கடந்து போவதைத் தாதாபாய் நௌரோஜி 1901-ல் நூலாக்கினார். 1950-ல் திட்டக் கமிஷன் வந்தது. 1991-ல் தாராளமயம் வந்தது. 2015-ல் கமிஷன் போய் நிதி ஆயோக் வந்தது. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் புதிய பெயர்களை மனனம் செய்தார்கள். 2011-ல் நம் மாகாணத்தில் ஆட்சி மாறியபோது, பள்ளிகள் திறந்தும் சமச்சீர்க் கல்விப் புஸ்தகங்கள் கைக்கு வரவில்லை. ஆகஸ்டு 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகே, சில பக்கங்களில் தாள் ஒட்டப்பெற்று அவை வந்தன.

பெயர்கள் மாறட்டும். யார் பணம், யார் செலவிட்டார், கணக்கு எங்கே என்ற மூன்று கேள்விகளை எந்த ஆட்சியிலும் கற்பிக்கலாம். தாய் தந்தையரும் வீட்டில் கற்பிக்கலாம்.

"இப்போது கணக்கை யாரிடம் கேட்பது?" என்றான் பையன். கிராம சபையில் கேட்கலாம் என்றோம். அதற்கு நிலம் வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

வருகிற ஆகஸ்டு 15-ஆம் தேதி அப்பாவையும் அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறான்.